டிரெயின் (drain) அடிக்கும் முன் ஒரு வார்த்தை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. புது வேலையில் ஒருவழியாகக் காலூன்றிவிட்டாய், சந்தோஷம். நான் அதே டீமில்தான். ஆன்-கால் வாரம் விட்டு வாரம் என்றானதில் தூக்கம் கொஞ்சம் தேவலை.

குபெர்னெட்டஸ் கிளஸ்டரில் (ஆப்களை ஓட்டும் மெஷின் கூட்டம்) கன்ட்ரோல் பிளேன், அதாவது அதை நிர்வகிக்கும் பகுதியின் அப்கிரேடில், அதன் வாசலான ஏபிஐ சர்வர் படுத்தால் பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸும் கூடவே படுத்துவிடுமா என்று கேட்டிருந்தாய். படுக்காது. அந்த டிஎன்எஸ் வேலையைச் செய்யும் கோர்டிஎன்எஸ், ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வீஸ் (ஆப்களை அழைக்க உதவும் நிலையான பெயர்) விவரங்களை மெமரியிலேயே வைத்திருக்கிறது; ஏபிஐ சர்வர் பேசாமல் போனாலும் கடைசியாகத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும். வம்பு வருவது அந்த நேரம் பார்த்து கோர்டிஎன்எஸ் பாட் (அது ஓடும் சிறு அலகு) ரீஸ்டார்ட் ஆனால்தான். புதிதாக எழும் பாட், ஏபிஐ சர்வரோடு சிங்க் ஆவதற்கு 5 விநாடி வரை பார்க்கும். ஆகவில்லையென்றால் வெறுங்கையோடு கடையைத் திறந்து, கிளஸ்டர் பெயர்களுக்கெல்லாம் சர்வ்ஃபெயில் ('பதில் தர முடியவில்லை') என்று திருப்பி அனுப்பும்.

ஆகவே நீ பயப்பட வேண்டியது டிரெயினுக்கு, அதாவது பராமரிப்புக்காக ஒரு நோடிலிருந்து (கிளஸ்டரின் ஒரு மெஷின்) பாட்களை வெளியேற்றும் கமாண்டுக்கு. கிளஸ்டரை அமைத்து அப்கிரேட் செய்யும் கருவியான கியூப்அட்ம் (kubeadm), கோர்டிஎன்எஸ்ஸுக்கு வைப்பது 2 ரெப்ளிக்கா (ஒரே மாதிரியான பாட்). கிளஸ்டர் பிறக்கும்போது இருப்பது முதல் கன்ட்ரோல் பிளேன் நோடு ஒன்றுதான். மற்ற பாட்களை அண்டவிடாத அதன் டெயிண்ட்டுக்கு (தடைக்குறி) கோர்டிஎன்எஸ்ஸிடம் டாலரேஷனும் (விதிவிலக்கு) உண்டு என்பதால் பெரும்பாலும் இரண்டும் அங்கேயே உட்கார்ந்துவிடும். பிறகு எத்தனை நோடு சேர்த்தாலும் தானாக இடம் மாறாது. அப்கிரேடில் நாம் முதலில் கை வைப்பதும் அதே நோடில்! டிரெயின் அடித்தால் இரண்டும் ஒருசேரக் கிளம்பிவிடும், ஏனென்றால் இத்தனை பாட்டாவது ஓட வேண்டும் என்று தடுக்கிற பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் எதையும் கியூப்அட்ம் போட்டுத் தருவதில்லை.

முந்தின நாளே எந்தப் பாட் எந்த நோடில் என்று பார்த்துவிடு. ஒன்றாக இருந்தால் ரோல்அவுட் ரீஸ்டார்ட் (பாட்களைப் படிப்படியாகப் புதிதாக எழுப்பும் கமாண்ட்) கொடுத்துப் பிரி. குறைந்தது 1 உயிரோடு இருக்க வேண்டும் என்று பட்ஜெட்டும் போடு. மாற்றுப் பாட் ரெடியாகும்வரை டிரெயின் இரண்டாவதைத் தொடாது. கோர்டிஎன்எஸ்ஸின் அமைப்புக் கோப்பான கோர்ஃபைலில் லேம்டக் (நிற்கும் முன் காத்திருக்கும் நேரம்) 5 விநாடி இருக்கிறதா பார். யாராவது 'தேவையில்லாத வரி' என்று நீக்கியிருப்பார்கள், இந்தப் புண்ணியவான்கள் எல்லா டீமிலும் உண்டு. போகிற பாட் அந்த 5 விநாடியும் பதில் சொன்னால்தான், சர்வீஸுக்கு வருவதைப் பாட்களுக்குத் திருப்பிவிடும் கியூப்-ப்ராக்ஸி அதை எல்லா நோடிலும் தன் பட்டியலிலிருந்து நீக்க அவகாசம் கிடைக்கும். கோர்ஃபைலை ஒரு காப்பியும் எடுத்து வை.

ஒவ்வொரு நோடிலும் டிஎன்எஸ் பதில்களைச் சேமித்து வைக்கும் நோட்லோக்கல் டிஎன்எஸ் கேஷ் இருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பித் தூங்காதே. கிளஸ்டர் உள்பெயர்களின் டிடிஎல் (பதிலைச் சேமித்து வைக்கும் நேரம்) வழக்கமாக 30 விநாடிதான்.

அப்கிரேட் நடக்கும்போது ஒரு வொர்க்கர் நோடிலிருந்து (ஆப்கள் ஓடும் நோடு) டிக் (dig) என்ற டிஎன்எஸ் கேட்கும் கமாண்டை விநாடிக்கொருமுறை ஓடவிடு. இரண்டு பாட்டுக்கும் பொதுவான, 10.96.0.10 மாதிரி சர்வீஸ் ஐபியை மட்டும் கேட்டால் போதாது. ஒரு பாட் செத்தாலும் மற்றது பதில் சொல்லி மறைத்துவிடும். பாட் ஐபிகளையும் தனித்தனியாகக் கேள்.

எந்த வெர்ஷன் என்று நீ எழுதவே இல்லையே? 1.28 முதல் எல்லா கன்ட்ரோல் பிளேன் நோடும் முடிந்த பிறகுதான் கியூப்அட்ம் கோர்டிஎன்எஸ்ஸை மாற்றும்; அதற்கு முந்தியதில் முதல் நோடிலேயே மாற்றிவிடும். அதைச் சொன்னால் எந்த நேரத்தில் கண் வைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்