நாயின் கண்ணுக்கும் நிறம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாய்க்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும் என்று குழந்தைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுப்பது வருத்தமளிக்கிறது. அதன் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் இருவகை இருப்பதால் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகவே பிரித்தறியும். பச்சைப் புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்துதான் எளிதில் கண்ணில் படாது. பறவைகளுக்கோ நான்கு வகைக் கூம்புகள். டைனோசர் காலத்தில் இரவில் நடமாடிய பாலூட்டிகள் அவற்றில் இரண்டை இழந்தன என்பது அறிவியலாளர் கருத்து. பின்னாளில் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளின் மூதாதையரிடம், எக்ஸ் குரோமோசோமில் இருந்த, ஒரு வகைக் கூம்புக்கான மரபணு இரட்டித்து, ஒரு பிரதி சற்றே மாறியதால்தான் நமக்குச் சிவப்பும் பச்சையும் தனித்தனியே தெரிகின்றன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத நிறக்குறைபாடு அவர்களிடமே மிகுதி. வண்ணப் பென்சிலை மாற்றி எடுக்கும் மாணவனை அதட்டாதிருக்க, இதை ஆசிரியர் பயிற்சியிலேயே கற்பிக்க வேண்டும்.

– ஓர் உயிரியல் ஆசிரியை