ஒரு துண்டுப் பிரசுரமும் ஒரு மினிட் புத்தகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலத் (பேராயர் ஒருவரின் கீழுள்ள வட்டாரத்) தேர்தல்களைப் பற்றியும் அவற்றைத் தொடர்ந்து வரும் வழக்குகளைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாகக் கடிதங்கள் வெளிவருகின்றன. கேள்வி கேட்கிறவர்கள் சபையைக் கெடுக்கிறார்கள் என்பது ஒரு சாரார் கட்சி; வாய் மூடி இருக்கிறவர்கள்தாம் கெடுக்கிறார்கள் என்பது மறுசாரார் கட்சி. நெல்லைச் சீமையில் ஐந்து தலைமுறையாகச் சபையில் இருக்கும் குடும்பத்தில் பிறந்தவன், இருமுறை சேகரக் கமிட்டியில் (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளை நடத்தும் குழுவில்) இருந்தவன், ஒருமுறை வீண்பழி சுமத்தியவன் என்ற மூன்று தகுதிகளோடு நானும் எழுதத் துணிகிறேன்.

மூன்றாவது தகுதியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆலயக் கூரையை வைத்து இரண்டு கட்சிகள் உண்டாயின. பழைய கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட வேண்டும் என்றது ஒரு கட்சி. உளுத்துப்போன மரத்தை மட்டும் மாற்றிப் பழைய ஓடுகளையே மறுபடி வேய வேண்டும் என்றது என் கட்சி. விவகாரம் கூரையோடு நிற்கவில்லை. திருமண்டலப் பெருமன்ற உறுப்பினர் தேர்தல் வந்ததும் இரண்டு கட்சிகளும் இரண்டு அணிகளாகி, கூரை ஓட்டுக்காகச் சண்டையிட்ட நாங்கள் தேர்தல் ஓட்டுக்காகவே சண்டையிடலானோம்.

அந்த ஆண்டு அசனப் பண்டிகைக் (சபையார் கூடி உண்ணும் பொது விருந்தின்) கணக்கை வாசித்தபோது 38,000 ரூபாய் இடித்தது. பொருளாளர் எதிரணிக்காரர், எனக்கு அதுவே போதுமான சாட்சியாயிருந்தது. நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்றாம் தெரு. கேட்கவில்லை. துண்டுப் பிரசுரத்தின் வாசகத்தை நானே எழுதி, 'விதவையின் காணிக்கை எங்கே?' என்று தலைப்பும் கொடுத்தேன்; முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்த அனுபவம் அதற்குத்தான் பயன்பட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கையில் அது கைக்குக் கை போயிற்று. பொழுது சாய்வதற்குள் வெளியூரில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பிலும் வந்து நின்றது.

இரண்டு மாதம் கழித்து, பழைய விவரம் ஒன்றைத் தேடித் தரும்படி சேகரகுரு ஐயா கேட்டுக்கொண்டதால், ஆலயத்தின் வெஸ்ட்ரி அறையிலுள்ள பீரோவைத் திறந்து, கமிட்டித் தீர்மானங்களை எழுதிவைக்கும் மினிட் புத்தகத்தைப் புரட்டினேன். குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரின் மனைவிக்குச் சிறுநீரகச் சிகிச்சைக்காக 38,000 ரூபாய் கொடுப்பது என்றும், அவர் மனம் கூசாதபடி அதைச் சபையில் வாசிக்காமல் விடுவது என்றும் கமிட்டி தீர்மானித்திருந்தது. பக்கத்தின் அடியில் 'வராதவர்கள்' என்றிருந்த இடத்தில் முதல் பெயர் என்னுடையது. அன்று மாலை பேத்தியின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன்.

பொருளாளர் வீட்டுக்குப் போனபோது அவர் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை வாளியைக் கீழே வைக்கவில்லை. பிறகு, "நோட்டீச ஊருக்கெல்லாம் குடுத்திய, மன்னிப்ப மட்டும் தொழுவுக்குள்ள வந்து கேக்கியளே சார்" என்றார். அவர் சொன்னது நியாயம். அடுத்த ஞாயிறு, உபதேசியாரின் பெயரையும் அவர் வீட்டுக் காரியத்தையும் வெளியிடாமல், கணக்கில் தவறில்லை, தவறு என்னுடையது என்று அறிவிப்பு நேரத்தில் எழுந்து சொன்னேன். எதிரணியில் சிலர் அதை நம்பவில்லை. என் அணியில் சிலர் அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மனந்திரும்புதலுக்கு இரண்டு பக்கமும் செலவு உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பரிமாறும் பகுதி ஒன்று உண்டு. அது குருவானவரிடமிருந்து புறப்பட்டு, குவித்த கைகள் வழியாக வரிசை வரிசையாகச் சபை முழுவதும் கடந்து வரும். சண்டைக் காலத்தில் நாங்கள் எதிரணிக்காரர் பக்கத்தில் உட்காராமலிருக்க இடம் பார்த்து உட்காரக் கற்றிருந்தோம். அந்த ஞாயிறு பொருளாளர் எனக்கு முன்வரிசையில் இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கைகளை நீட்டினார். நீட்டினாரே, அதுவே எனக்குப் பெரிது. சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். குறை யாருடையது என்று அவர் அங்கே விசாரிக்கவே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

சபைப் பூசல் நமக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று நாம் அழைக்கும் தூய திரித்துவ ஆலயத்தை 1826-இல் கட்டிய ரேனியஸ் ஐயர் ஜெர்மானிய லுத்தரன். அவரை அனுப்பிய சர்ச் மிஷனரி சங்கமோ ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. உபதேசியார்களுக்கு எந்த முறைப்படி குருப்பட்டம் கொடுப்பது என்பதில் மூண்ட கருத்து வேறுபாடும், ஆங்கிலிக்கன் சபையைக் கண்டித்து அவர் எழுதியதும் சேர்ந்து, 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. அவர் ஆற்காட்டுப் பக்கம் போய், உபதேசியார்கள் அழைக்கத் திரும்பி வந்தார். கிராமத்துச் சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1838-இல் அவர் மறைந்த பிறகுதான், பிரிந்தவர்கள் பெரும்பாலும் மறுபடி ஒன்றாயினர். ஐயருக்கு மனச்சாட்சி பெரிது, சங்கத்துக்கு ஒழுங்கு பெரிது. இரண்டும் சிறிய காரியங்கள் அல்ல. எங்கள் கூரையை அந்தச் சண்டையோடு ஒப்பிட எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அப்போஸ்தலர்களுக்குள்ளும் இது நடந்தது. முன்பு பாதிவழியில் விட்டுப்போன மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா என்பதில், வேண்டாம் என்ற பவுலும் வேண்டும் என்ற பர்னபாவும் கடுங்கோபம் மூண்டு ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அதை மறைக்கவில்லை. பிற்காலத்தில் சிறையிலிருந்து எழுதும் பவுல், மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவிடம் கேட்கிறார். தம் பழைய கணிப்பு தவறிப்போனது என்று அவர் விளக்கவுரை எழுதவில்லை. ஆளை வரச் சொன்னார், அவ்வளவே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாழ்மை என்ற சொல்லைப் பதவியில் இருப்பவர்கள் கேள்வி கேட்பவர்களை நோக்கியே பயன்படுத்துவது நம் சபைகளில் பழக்கமாகிவிட்டது. கணக்குக் கேட்பது பெருமையல்ல; கேட்டவரிடம் புத்தகத்தைத் திறந்து காட்டுவதுதான் அங்கே தாழ்மை. 1849-இல் மிஷனரி கால்டுவெல் ஒரு சமூகத்தைக் குறித்து எழுதிய நூல் அம்மக்களின் மனத்தைப் புண்படுத்தியதும், 1857-இல் நாசரேத்துப் பகுதியில் சட்டம்பிள்ளை தலைமையில் ஒரு கூட்டத்தார் பிரிந்து இந்து கிறிஸ்தவ சபை கண்டதும் நம் வட்டாரத்து வரலாறு. பிரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், அந்த நூலைப் பொறுத்தவரை தாழ்மை கற்றிருக்க வேண்டியவர் எழுதியவரே. வழக்குக்குப் போகிறவர்களை எல்லாம் நான் பழிக்கவும் மாட்டேன். சபையின் சொத்துகளை வைத்திருக்கும் டிரஸ்ட் அசோசியேஷன் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான அமைப்பு; அதில் முறைகேடு நடந்தால் நாட்டுச் சட்டம் கேட்கத்தான் செய்யும். வழக்கைச் சபைத் தகராற்றின் முதல் படியாக வைப்பதைத்தான் நான் குறை சொல்கிறேன். கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடியபோது, அநியாயத்தைச் சகித்தால்தான் என்ன, நஷ்டத்தைப் பொறுத்தால்தான் என்ன என்று பவுல் கேட்டதை, நீதிமன்றப் படியேறும் முன் இரு தரப்பாரும் ஒருமுறை உட்கார்ந்து வாசிக்கலாம்.

இத்தனைக்கும் நம் திருச்சபை கருத்து வேறுபாட்டை மதித்தே பிறந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயரும் மற்றவர்களும் 1919-இல் தரங்கம்பாடியில் கூடி, வெவ்வேறு சபைப்பிரிவுகளை ஒரே திருச்சபையாக இணைக்கத் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27-இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் முடிய 28 ஆண்டுகள் ஆயின. அசரியா அதைக் காண இருக்கவில்லை, 1945-இல் காலமாகிவிட்டார். சேர்ந்தவர்கள் எல்லாரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனதால் சேரவில்லை. எந்தச் சபையின் மனச்சாட்சியையும் மீறி அதன்மேல் ஒரு குருவானவரைத் திணிப்பதில்லை என்று உறுதிமொழி எழுதிக்கொண்டார்கள். பேராயர் கையால் பட்டம் பெற்ற குருமார், அப்படிப் பெறாத குருமார் என்ற குருத்துவ வேறுபாடு ஆறுவதற்கு முப்பது ஆண்டுகள் தவணையும் வைத்தார்கள். அப்படியும் மனம் ஒப்பாமல் வெளியே நின்ற, ஆந்திரத்து நந்தியாலின் ஆங்கிலிக்கன் சபையாரில் பலர் பிற்காலத்தில் உள்ளே வந்தார்கள். 2013-இல் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அந்த நந்தியால் திருமண்டலத்துக்கே அபிஷேகம் பண்ணப்பட்டார். சபை நம்முடையதல்ல, ஆண்டவருடையது என்று நம்புகிறவர்களுக்குத்தான் முப்பது ஆண்டு காத்திருக்க மனம் வரும். அடுத்த தேர்தலுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று நாம் துடிக்கிறோம்.

கூரை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வரும் பொதுக்கூட்டத்திலும் பொருளாளருக்கு எதிராகவே கை தூக்குவேன். அதை அவரிடமே சொல்லிவிட்டேன். "தூக்குங்க சார், நோட்டீசு மட்டும் வேண்டாம்" என்றார்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். மொட்டைக் கடிதங்களை வெறுப்பவன் நான். ஆனாலும் பெயர் வெளியானால் பொருளாளரையும் உபதேசியாரையும் ஊர் அடையாளம் கண்டுகொள்ளும் என்பதால், அதை மட்டும் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.