கிரிக்னார்டு செய்முறையைத் தை மாதத்துக்கு மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரோடு, கரூர், திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் வேதியியல் செய்முறைகள் பங்குனி, சித்திரை வெயிலில் வந்து விழுவது புதிதல்ல. உப்புப் பகுப்பாய்வு என்றால் வியர்வையோடு போய்விடும். புரோமோபென்சீனை மெக்னீசியத்தோடு வினைப்படுத்திப் பென்சோயிக் அமிலம் தயாரிக்கும் கிரிக்னார்டு வினையை மட்டும் தை மாதத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

புரோமோபென்சீன் தனியாக இருந்தால் அவ்வளவு முரடு இல்லை. நிறமற்ற திரவம், கொதிநிலை 156 டிகிரி, ஒரு மில்லி ஒன்றரை கிராம் எடை. பென்சீன் வளையத்தைப் பிடித்த புரோமின் லேசில் கழலாது. சில்வர் நைட்ரேட் விட்டால் அசையாது. சோடியத்தோடு உருக்கிச் சோதித்தால்தான் வெளிர்மஞ்சள் வீழ்படிவு வரும். அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் மெக்னீசியமும், கரைப்பானாக உலர்ந்த ஈதரும். தொல்லையும் ஈதரில்தான்.

ஈதர் கொதிப்பது 34.6 டிகிரியில். வெளியே 40 டிகிரி அடிக்கும் மதியத்தில் புட்டியைத் திறந்தாலே சீறுகிறது. ஆவியைக் குளிர்வித்துத் திரும்பத் திரவமாக்கும் கண்டென்சரில் ஓடுவதோ மாடியில் கறுப்புத் தொட்டியில் காய்ந்த தண்ணீர். கை வைத்தால் சுடுகிற தண்ணீர் ஈதர் ஆவியை எப்படிக் குளிர வைக்கும்? வெளியேறும் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேசையில் வழிந்து, தரையோடு தவழ்ந்து, நாலு மேசை தள்ளி எரியும் பர்னர் வரை போகும். சுடர்கூட வேண்டாம், நன்கு காய்ந்த ஹாட் பிளேட்டே பற்றவைத்துவிடும். கோடையில் செய்தே தீர வேண்டுமானால் ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் ஏர் கூலர் மோட்டாரைப் போட்டுக் கண்டென்சருக்குச் சுற்றவிடலாம். பிளக் மட்டும் மேசைக்கு எட்டத்தில் இருக்கட்டும்.

அளவையும் குறைக்கலாம். 0.25 கிராம் மெக்னீசியம், 1.05 மில்லி புரோமோபென்சீன், 10 மில்லி உலர் ஈதர், ஒரு துணுக்கு அயோடின் போதும். உலர்பனியில் (திண்ம கார்பன் டைஆக்சைடில்) ஊற்றி, அமிலம் சேர்த்துப் பிரித்தால் முழு விளைச்சலே 1.2 கிராம் பென்சோயிக் அமிலம்தான். அதில் பாதி வந்தாலும் 122 டிகிரி உருகுநிலை பார்த்துவிடலாம்.

வினை தொடங்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பொள்ளாச்சிப் பக்கம் இது இன்னும் மோசம். குடுவைகளை அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறும்போதே ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு குழாயைப் பொருத்திவிட வேண்டும். முதலில் புரோமோபென்சீன் கரைசலில் பத்தில் ஒரு பங்கு மட்டும் விட்டு, அயோடின் நிறம் மங்கிக் கலங்கும் வரை காத்திருக்க வேண்டும். பொறுமை போய் மீதியையும் ஒரேயடியாக ஊற்றுவதுதான் இதில் ஆகப் பெரிய தவறு. தாமதமாக விழித்த வினை மொத்தச் சூட்டையும் ஒரே நேரத்தில் கக்கி, ஈதரைக் கூரைக்கு அனுப்பும். தொடங்கிய பின்னும் சொட்டுச் சொட்டாகத்தான். அவசரப்பட்டால் பைபீனைல் என்ற வேண்டாத பக்க விளைபொருள்தான் மிஞ்சும்.

மெக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீரும் ஆகாது, கார்பன் டைஆக்சைடு சிலிண்டரும் ஆகாது; அந்த வாயுவிலேயே மெக்னீசியம் எரியும். உலர்ந்த மணல் வாளி வேண்டும், அதில் சிகரெட் துண்டும் தேநீர்க் கோப்பையும் கிடக்கக் கூடாது.

புரோமோபென்சீன் தோல் வழியாகவும் ஏறும். கல்லீரல் அதை மாற்றும்போது உருவாகும் எபாக்சைடு என்ற வீரியமான சேர்மம் அங்குள்ள, செல்களைக் காக்கும் குளுட்டாதயோனைத் தீர்த்துவிட்டுச் செல்களைத் தாக்குகிறது. மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவும். தெறித்தால் உடனே கழற்றி மாற்ற வேண்டும். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

கழிவை சிங்கில் ஊற்றுகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. புரோமோபென்சீன் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, அடியில் தங்கும்; குழாய் வளைவில் கிடந்து பிவிசியை ஊறவைத்து, பிறகு சாக்கடைக்கு இறங்கும். நொய்யல் ஆற்றுக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன வட்டாரத்தில், கல்லூரி ஆய்வகம் இதைச் செய்வது அழகல்ல. டெஃப்ளான் உள்மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ‘ஆலசன் கழிவு’ என்று எழுதி, முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், அசிட்டோன் கழிவோடு கலக்காமல் வைக்க வேண்டும். வெட்டவெளியில் எரித்தால் ஹைட்ரஜன் புரோமைடு வரும்.

அரை லிட்டர் புட்டியோடு ஒரு கல்லூரி தனியாகக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு வண்டி பிடிக்க முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு கல்லூரிகளைச் சேர்த்து ஒரே வண்டி ஏற்பாடு செய்யலாம். செய்முறை தையில் முடிந்தால், வெயில் ஏறுமுன் மாசியிலேயே அந்த வண்டி வந்து போகலாம்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
பெருந்துறை