அந்தக் கேட்டைத் திறந்து விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் 31 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பறவை பார்ப்பது சின்ன வயதுப் பழக்கம். மூன்று வருடத்துக்கு முன் மழையில் படி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டுக்குள் ஊன்றுகோலோடு பத்தடி நடப்பேன். வெளியே என்றால் சக்கர நாற்காலிதான்.

போன பெப்ரவரியில் அண்ணன் மகன் என்னை ஒரு காட்டுக் காப்பகத்துக்கு ஆட்டோவில் கூட்டிப் போனான். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. மோட்டார் சைக்கிள் புகாமல் இருக்க வாசலில் இரும்புக் குழாய்களை வளைத்துப் போட்டிருந்தார்கள். ஆள் ஒருக்களித்து நுழையலாம், நாற்காலி நுழையாது. பக்கத்தில் இருந்த பெரிய கேட் பூட்டியிருந்தது. "அது எங்க வாகனத்துக்கு மட்டும்தான் அம்மா, திறக்க அனுமதியில்லை" என்றார் காவலுக்கு நின்ற தம்பி. பாவம், அவர் என்ன செய்வார்? ஆனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் லொறி போகிற அகலத்துக்கு மட்டமான மண்பாதை கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கே நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போனோம். ஓடைக்கரையில் நாற்காலியை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தேன். அரை மணித்தியாலத்தில் ஆறுமணிக்குருவி ஒன்று வந்தது. சருகை அலகால் புரட்டித் தள்ளி, ஒரு புழுவை இழுத்து, கட்டை வாலை ஆட்டிக்கொண்டு என் கால் பக்கம் ஆறடி வரைக்கும் வந்துவிட்டது. வயிற்றடியின் சிவப்பு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நடந்து திரிந்த காலத்தில் ஒருநாளும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. குளிர்காலத்தைக் கழிக்க காஷ்மீரிலிருந்து வரும் ஈப்பிடிப்பானும் அங்கே மரத்தில் இருந்தது. பறவை பார்க்கக் கால் வேண்டியதில்லை, பொறுமையும் ஒதுக்குப்புறமாக ஓரிடமும் போதும்.

ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் 'உலக முடிவு' என்கிற செங்குத்து மலை விளிம்பு வரைக்கும் போய்ச் சுற்றி வரச் சுமார் 9 கிலோமீற்றர் நடக்க வேண்டும். அங்கே கொங்கிறீட் போடச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன். அந்தப் புல்லும் மண்ணும் அப்படியே இருக்கட்டும். ஆனால் வாகனம் போகிற பாதை பூங்காவுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஓரத்தில் விடியற்காலையில் நடக்க முடியாதவர்கள் வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே பார்க்க இரண்டு மூன்று இடம் குறித்துத் தரலாமே. வண்டிக்குள் இருக்கும் ஆளைப் பார்த்துப் பறவை அவ்வளவாகப் பயப்படுவதும் இல்லை.

வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. காடும் பொது இடம்தானே, ஐயா? டிக்கெட் விற்கும் இடத்தில் சாவி ஒன்று இருந்து, கேட்டால் அந்தக் கேட்டைத் திறந்துவிடலாம் என்று காவலுக்கு நிற்பவருக்கு எழுத்தில் ஓர் உத்தரவும் இருந்தால் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை. நாற்காலி உள்ளே போகுமா போகாதா என்பதையாவது முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டால் சொல்லட்டும்.

ஒக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிடும். அதற்குள் பொறுப்பான அதிகாரிகள் இதைச் செய்து தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தலவாக்கலை