புதுசா ஒரு பூச்செடின்னு நியூஸ் போடும்போது

ஆசிரியருக்கு வணக்கம்,

புது பூச்செடி கண்டுபிடிச்சாங்கன்னு நம்ம பேப்பர்ல அப்பப்போ நியூஸ் வருது, பார்க்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு. ஆனா எல்லாமே காட்டுக்குள்ள போனாங்க, பூவ பார்த்தாங்க, பேர் வச்சாங்கன்னு முடிஞ்சிருது. நிஜமான வேலை அதுக்கப்புறம் தான் சார் ஆரம்பிக்குது.

பூவோட கிளைய வெட்டி பழைய பேப்பருக்கு நடுவுல வச்சு அழுத்தி காய வைப்பாங்க, ஈரம் ஏற ஏற பேப்பர மாத்திக்கிட்டே இருக்கணும், இல்லன்னா பூஞ்சை பிடிச்சிரும். காஞ்சா கலரும் வாசனையும் போயிடும், அதனால பறிச்ச இடத்துலயே கலர், வாசனை, கிள்ளினா பால் வருதா, எந்த இடம், என்ன தேதின்னு எல்லாத்தையும் எழுதிடணும். இந்த லேபிள் இல்லன்னா அது வெறும் சருகு தான். அப்புறம் ஹெர்பேரியத்துல, அதாவது காஞ்ச செடிகள சேர்த்து வைக்கிற இடத்துல, அந்த காஞ்ச பூவ வெந்நீர்ல ஊற வச்சு, மைக்ராஸ்கோப்புல வச்சு பிரிச்சு, மகரந்தத்தாள் எத்தனை, சூற்பை இதழ் ஒட்டுற இடத்துக்கு மேலயா கீழயா, உள்ள சூல் எங்க ஒட்டியிருக்குன்னு பார்த்து, ஏற்கனவே பேர் வச்ச நெருங்கின இனங்களோட ஷீட்டையெல்லாம் (காஞ்ச செடிய லேபிளோட ஒட்டி வச்ச தாள்) எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கணும். 2010ல வந்த ஒரு ஆய்வுல பார்த்தா, புது இனங்கள்ல முதல்முறை பறிச்ச 5 வருஷத்துக்குள்ள பேர் கிடைச்சது 16 சதவீதம் தான், கிட்டத்தட்ட கால்வாசிக்கு 50 வருஷத்துக்கு மேல பழைய ஷீட்ட வச்சு தான் பேர் வச்சிருக்காங்க. ஆள் இல்லாம அலமாரியிலயே கிடக்குது, மனசு வலிக்குது.

இப்போ தான் டிஎன்ஏ டெஸ்ட் வந்திருச்சே, இந்த ஷீட்டெல்லாம் எதுக்குன்னு சிலர் கேக்குறாங்க. வந்தது நல்லது தான், அல்லியும் தாமரையும் பார்க்க கூடப்பிறந்தது மாதிரி இருக்கும், ஆனா தாமரைக்கு மெக்கடேமியாங்கற கொட்டை மரம் மாதிரி மரங்க தான் நெருங்குன சொந்தம்னு டிஎன்ஏ தான் காட்டிக் கொடுத்துச்சு. ஆனா எந்த செடியோட டிஎன்ஏன்னு பின்னாடி யாராவது சந்தேகப்பட்டா திரும்ப போய் பார்க்க அந்த ஷீட் இருக்கணும்ல? பேர் வைக்கும்போது ஒரு ஷீட்ட டைப்னு குறிச்சு வைக்கணும்ங்கறது சர்வதேச விதி, அந்த பேருக்கு அது தான் ஆதாரம். போன்ல எடுத்த போட்டோவ பிரிச்சு சூற்பைய பார்க்க முடியாது.

அதனால அடுத்த தடவ இப்படி நியூஸ் போடும்போது, டைப் எந்த ஹெர்பேரியத்துல இருக்கு, எந்த இனத்துல இருந்து எத வச்சு பிரிச்சாங்கன்னு ரெண்டு வரி சேர்த்து போடுங்க ப்ளீஸ், ஷீட்ட உக்காந்து ஒப்பிட்டவங்க பேரையும் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்