யாருக்கு எத்தனை உருண்டை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் அம்மா சமையலைப் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த நினைவுகளைப் படித்தேன். மீன்குழம்பு, வத்தக்குழம்பு, நிலா வெளிச்சத்தில் பாட்டி உருட்டிக் கொடுத்த சோறு என்று ஒவ்வொன்றும் நன்றாக இருந்தது. ஆனால் எல்லாரும் ருசியைப் பற்றியே எழுதியிருந்தார்கள். யார் முதலில் உட்கார்ந்தார்கள், யார் பரிமாறினார்கள், கடைசியில் சாப்பிட்டவருக்கு என்ன மிஞ்சியது என்று ஒருவர்கூட எழுதவில்லை. என்னை ஆளாக்கியதில் ருசியைவிட அந்தக் கணக்குக்குத்தான் பங்கு அதிகம். அதனால் இந்தக் கடிதம்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. 1960களில் எங்கள் வீட்டில் நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், அப்புறம் யாருக்காவது காய்ச்சல் வந்தால். மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி. கம்மஞ்சோறு ஆக்குவது லேசான வேலை இல்லை. கம்பில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு உரலில் இடிக்க வேண்டும். உமி கழன்றதும் சுளகில் புடைத்து, மறுபடி இடித்து, குருணையையும் மாவையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். உலை கொதித்ததும் முதலில் குருணை, அது வெந்த பிறகு மாவு. கட்டி விழாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பகலெல்லாம் காட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, பொழுது சாய்ந்த பிறகு அம்மா இத்தனையும் செய்வாள். அடுப்பு எரிப்பது என் வேலை. எங்களுக்கு விறகு பருத்திமார்தான், அதாவது காய்ந்த பருத்திச்செடிக் குச்சி. குப்பென்று பிடிக்கும், அதே வேகத்தில் அணைந்தும் போகும். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர முடியாது. ஒரு வேலையில் உட்கார்ந்தால் அது முடியும்வரை எழுந்திருக்காத பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தை அம்மா உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டு வைப்பாள். காலையில் அதைக் கரைத்து, உப்புப் போட்டு, இருந்தால் கொஞ்சம் மோர் விட்டுக் குடிப்போம். தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக மோர்மிளகாய், மிதுக்க வத்தல், காணத்துவையல் (கொள்ளுத்துவையல்) என்று ஏதாவது ஒன்று. உருண்டைக்குக் கணக்கு உண்டு. அப்பாவுக்கு மூன்று, அண்ணனுக்கு இரண்டு, ஆச்சிக்கும் எனக்கும் தங்கைக்கும் ஆளுக்கு ஒன்று. அம்மாவுக்கென்று உருண்டை கிடையாது. எல்லாரும் குடித்த பிறகு, பானையின் அடியில் கிடக்கும் பருக்கையோடு நீத்தண்ணியைக் குடித்துவிட்டுக் களை வெட்டப் போவாள். அதை யாரும் அநியாயமாக நினைக்கவில்லை. அம்மாவும் நினைக்கவில்லை. அண்ணன் வளருகிற பையன் என்று சொல்வார்கள். நானும் அவனுக்கு ஒரு வயதுதான் இளையவள், நானும் வளர்ந்துகொண்டுதான் இருந்தேன்.

1966ல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற எட்டயபுரத்தில்தான் 1956ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நான் சேர்ந்த காலத்தில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு அனுப்பிய கோதுமை ரவையில் உப்புமா போட்டார்கள். அந்த உப்புமாவின் ருசி இன்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்தக் கரண்டி ஞாபகம் இருக்கிறது. அண்ணன் தட்டில் ஒரு கரண்டி, என் தட்டிலும் அதே கரண்டியால் ஒரு கரண்டி. முதல் நாள் அவன் தட்டையும் என் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊருக்குத் தள்ளியிருந்த தெருவிலிருந்து வரும் ஒரு பிள்ளை வரிசையில் என் பக்கத்தில் உட்காருவாள். சாயங்காலம் வாசற்படி ஏறும்போதே ஆச்சி கேட்பாள்: "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்து தின்ன?" உண்மையைச் சொன்னால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குள் நுழைய முடியும். இரண்டு நாள் குளித்தேன். மூன்றாம் நாளிலிருந்து பொய் சொன்னேன். பொய் சொல்லிச் சொல்லிப் பயம் வந்து, ஒரு நாள் நானே தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் அவளாகவே வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள். எனக்கு இப்போது 64 வயது. அவள் எழுந்து போன அந்த வெற்றிடம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

1985ல் நானே தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆனேன். எம்.ஜி.ஆர். 1982ல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அதற்குள் எங்கள் பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. 1989ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. முட்டை போடுகிற நாளில் வகுப்பில் ஒரு பிள்ளை குறையாது. மூன்றாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு முட்டையைப் பாவாடையில் சுருட்டி வைத்தாள். "ஏம்மா, சாப்பிடலையா?" என்று கேட்டேன். "தம்பிக்கு டீச்சர்" என்றாள். எட்டு வயது. அவளுக்கு இதை யாரும் உட்காரவைத்துப் பாடமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் அம்மா பானையடியைச் சுரண்டுவதைப் பார்த்துப் பார்த்தே படித்திருப்பாள். அந்த அன்பைப் பார்த்துக் கண் கலங்கினேன். ஆனால் அந்தத் தம்பி ஒரு நாளும் அக்காவுக்கென்று எதையும் எடுத்து வைத்திருக்க மாட்டான் என்பதும் தோன்றியது. அவன் வேறு பாடம் படித்துக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் புரிந்துகொண்ட நானும் என் வீட்டில் வருடக்கணக்காக அதையேதான் செய்தேன். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினேன். ஆனாலும் கணவருக்கும் மகனுக்கும் சுடச்சுட வார்த்துப் போட்டுவிட்டு, பிய்ந்த தோசையையும் கருகிய தோசையையும் கடைசியில் நின்றுகொண்டே தின்பேன். ஒரு நாள் மகள், "அம்மா, முழுத் தோசை உனக்குப் பிடிக்காதா?" என்று உண்மையாகவே கேட்டாள். பிடிக்காது என்றுதான் நினைத்திருக்கிறாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் எழுந்துவந்து, கரண்டியை வாங்கிக்கொண்டு, என்னை உட்காரச் சொன்னார். அன்று முதல் சட்டிகளை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். என் மகன் இன்று அவன் வீட்டில் பிள்ளைகளுக்குத் தோசை வார்க்கிறான். அதை யாரும் அங்கே பெரிதாகப் பேசுவதில்லை.

2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தபோது மனதார மகிழ்ந்தேன். ஆனால் 2023 செப்டம்பரிலேயே, அதே எட்டயபுரத்துக்கு அருகில் ஒரு கிராமப் பள்ளியில், பட்டியல் சமூகத்துப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள் என்று செய்தி வந்தது. அதிகாரிகள் போனார்கள். கனிமொழி எம்.பி. போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சரி, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சமைத்தது யார் என்று பார்க்கத் தானாகத் தோன்றுமா? காலையில் பசிதான் தோன்றும். அந்தப் பிள்ளைகளிடமும் யாரோ ஒரு ஆச்சி வாசற்படியில் நின்று அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மா சமையல் பகுதியைத் தொடர்ந்து வெளியிடுங்கள். அதில் எழுதுகிறவர்களிடம், உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், உங்கள் வீட்டுக்குள் வந்து சாப்பிட முடியாமல் இருந்தது யார் என்றும் கேளுங்கள். அதையும் சேர்த்து எழுதும்போதுதான் அது முழு நினைவாக இருக்கும்.

அம்மாவுக்கு இப்போது 85 வயது, என்னோடுதான் இருக்கிறாள். முதல் தட்டு அவளுக்குத்தான் வைக்கிறேன். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபடி காத்திருப்பாள். எதிரில் நானும் தட்டோடு உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்த பிறகுதான் அவள் கை வாய்க்குப் போகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்