கணக்கோடு வாழ வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

பாளையங்கோட்டையில் கணிதப் பேராசிரியர் பணியிலிருந்து இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறேன். பாராட்டு விழா மேடையில் தொண்டை அடைத்துக்கொண்டதால் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வணக்கம், இளங்கலையில் எனக்குப் பாடம் எடுத்த சாருக்கு. ஒருநாள் மேசைமேல் புளியமுத்துகளை 3, 5, 7 என்று மூன்று குவியலாக வைத்தார். ஒரு முறைக்கு ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்; கடைசி முத்தை எடுப்பவருக்கு வெற்றி. வகுப்பே அவரிடம் தோற்றது. பிறகு அந்த எண்களை, 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டுமே எழுதும் இரும முறையில் 011, 101, 111 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு நிரலிலும் எத்தனை ஒன்றுகள் என்று எண்ணச் சொன்னார். கடைசி நிரலில் மட்டும் ஒற்றைப்படை. ஏதாவதொரு குவியலில் ஒரே ஒரு முத்தை எடுத்தால் எல்லா நிரலும் இரட்டைப்படையாகிவிடும். அதன்பின் எதிராளி எதை எடுத்தாலும் மறுபடி இரட்டைப்படைக்குக் கொண்டுவந்துவிடலாம். 1901-இல் சார்லஸ் பூட்டன் நிறுவியது இது. எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. தேர்வுக்கு வராததை அவ்வளவு ஆசையாகச் சொல்லித் தந்த மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஜங்ஷனில் தட்டச்சு நிலையம் வைத்திருந்த அக்காவை எப்படி மறப்பேன்? என் ஆய்வேட்டில் குறியீடு வரும் இடமெல்லாம் அளந்து இடைவெளி விட்டு அடித்துத் தந்தார். நான் மசியால் நிரப்பினேன். என் பாடமான கோட்டுருவியல், அதாவது முனைகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம், அவருக்குப் பாடமே இல்லை. ஆனாலும் ஐந்து முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்த படத்தை விரலால் தொட்டு எண்ணி, "பத்துக் கோடு சரியாக இருக்கிறது தம்பி" என்று சொன்ன பிறகே அடுத்த தாளைச் சொருகுவார்.

1990-இல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமையப் பாடுபட்டவர்களுக்கும் நன்றி. ஆய்வுக்காக மதுரைக்கு அலைந்த தலைமுறைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

முக்கூடலில் பீடி சுற்றியே மகளை முனைவர் பட்டம்வரை படிக்கவைத்த அம்மாவுக்குக் கைகூப்புகிறேன். உங்கள் மகள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, 1967-இல் அலெக்சாண்டர் ரோசாவின் கட்டுரையிலிருந்து கிளம்பிய கணக்கு. நான்கு முனைகளை வரிசையாக இணைத்து 0, 3, 1, 2 என்று எண்ணிட்டால் அடுத்தடுத்த வேறுபாடுகள் 3, 2, 1 என வரும், ஒன்றுகூடத் திரும்ப வராது. எங்கும் வளையமாக மூடாமல் கிளைவிட்டுப் போகும் எல்லா மரவடிவக் கோட்டுருக்களுக்கும் இப்படி எண்ணிட முடியுமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. அதில் அவர் தொட்ட இடம்வரை நான் போனதில்லை, பெருமையாகவே சொல்கிறேன்.

இத்தனை ஆண்டும் வீட்டைத் தனியாகத் தாங்கிய என் மனைவிக்கு நேரில் சொல்லிவிட்டேன்.

புத்தகங்களைத் துறை நூலகத்திற்குக் கொடுத்தாயிற்று. வீட்டு முன்னறையில் கரும்பலகை மாட்டியிருக்கிறேன். மாணவர்கள் எந்த மாலையிலும் வரலாம்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்